ஐந்தாவது டிஸ்க்



நமது ஞாயிறு ஆராதனைகள், ஞானஸ்நானங்கள், ஒளிவிழாக்கள், இந்த நாட்டுக்கு முதலில் வந்த மூத்தவர்கள் கேசட்டில் சொன்ன சாட்சிகள் எல்லாம் ஆலய அலுவலகத்தில் உள்ள ஒரு சிறிய கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அந்தக் கேசட்டுகளில் பல இப்போது ஓடாது. பேசியவர்களில் சிலர் இன்று நம்மோடு இல்லை. அந்தக் கம்ப்யூட்டரைக் கவனிக்கும் பொறுப்பு ஊடகக் குழுவினராகிய எங்களுடையது.

அதில் தலா 4 டெராபைட் கொண்ட நான்கு ஹார்ட் டிஸ்குகள் ரெய்டு 5 முறையில் இணைக்கப்பட்டிருந்தன. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988-இல் வெளியிட்ட கட்டுரையால் ரெய்டு என்ற பெயர் பரவியது. கணக்கு எளிது. மூன்று எண்களின் கூட்டுத்தொகையை எழுதி வைத்தால், ஓர் எண் அழிந்தாலும் மற்ற இரண்டையும் கழித்து அதைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு அழிந்தால் முடியாது.

எங்கள் பயமும் அதுதான். நான்கு டிஸ்குகளும் ஒரே நாளில் வாங்கியவை, ஒன்றுபோல் உழைத்தவை. ஒன்று பழுதானால், புதியதை நிரப்ப மற்ற மூன்றையும் முழுவதும் வாசிக்க வேண்டும். அந்த நேரத்தில் இன்னொன்றும் பழுதானால் எல்லாம் போய்விடும்.

ஐந்தாவது டிஸ்க் வாங்கச் சபை பணம் தந்தபோது எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. ரெய்டு 5-இலேயே சேர்த்தால் இடம் 12-இலிருந்து 16 டெராபைட் ஆகும். வீடியோ எடுக்கும் தம்பிமார் அதைத்தான் கேட்டார்கள். ரெய்டு 6-க்கு மாற்றினால் இடம் 12 டெராபைட்தான். ஆனால் இரண்டாவது சமன்பாடு ஒன்று சேரும். இரண்டு சமன்பாடுகள் இருந்தால் தெரியாத இரண்டு எண்களைக் கண்டுபிடிக்கலாம் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். எந்த இரண்டு டிஸ்க் பழுதானாலும் பதிவுகள் தப்பும். மூத்தவர்களின் குரல்களை நினைத்து ரெய்டு 6-ஐயே தேர்ந்தெடுத்தோம்.

முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்குகளில் நகல் எடுத்தோம். பழைய நான்கையும் முழுமையாகச் சோதித்தோம். பிறகு லினக்ஸில் உள்ள எம்டிஆட்ம் கருவியில் புதிய டிஸ்கை உதிரியாகச் சேர்த்து, 'குரோ' கட்டளையைக் கொடுத்தோம். நடுவில் மின்சாரம் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடர, அதற்கு ஒரு காப்புக் கோப்பு வேண்டும். அதை இதே டிஸ்குகளில் வைக்கக் கூடாது. வேறொரு டிஸ்கில் வைத்தோம். வேலை முடிய மூன்று நாட்கள் ஆயின. இடையில் வந்த ஞாயிறு ஆராதனையும் வழக்கம்போலப் பதிவாயிற்று.

ஒன்றை மறக்க வேண்டாம். கை தவறி அழித்ததை ரெய்டு மீட்டுத் தராது. தீயும் திருட்டும் ஐந்து டிஸ்குகளையும் ஒன்றாகவே கொண்டுபோகும். அதனால் ஒரு முழு நகல் சபைக் குடும்பம் ஒன்றின் வீட்டில் இருக்கிறது.

உங்கள் தாத்தா பாட்டியின் குரல் ஒரே ஒரு போனில் மட்டும் இருக்கிறதா? இன்றே இன்னொரு நகல் எடுங்கள். பழைய கேசட்டுகள் இருந்தால் ஆராதனைக்குப் பின் எங்களிடம் கொண்டுவாருங்கள். அவற்றுக்கு இங்கே இடம் உண்டு.