இலவங்காய் வெடிக்கும் மாதம்

மாசி 22

சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குப் போய்வந்த அலுப்பு இன்றைக்குத்தான் தீர்ந்தது. ஜமுக்காளம், போர்வை, கோயில் மண் ஒட்டிய வேட்டி எல்லாவற்றையும் துவைத்துக் கொடியில் போட்டு நிமிர்ந்தேன். கொல்லைப் பக்கத்துப் புங்கமரத்தில் குயில் கூவியது. இந்த வருஷத்தில் நான் கேட்ட முதல் கூவல்.

போடியில் தை மாதக் குளிர் மலையிலிருந்து நேராக வீட்டுக்குள் இறங்கும். மாசி பாதியில் அந்தப் பிடி தளரும். இரண்டு நாளாக ராத்திரியில் போர்வை காலடியிலேயே கிடக்கிறது. மேற்கே மலையின் பச்சை வெளுத்துப் பழுப்புக்குத் திரும்புகிறது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அத்தைக்கும் குயில் சத்தம் கேட்டிருக்கிறது. "பரண்ல இருக்கிற ஜாடியெல்லாம் எறக்கு தாயி" என்றார். அவர் காலண்டர் பார்த்து வேலையை ஆரம்பித்து நான் கண்டதில்லை.

மூன்று பீங்கான் ஜாடிகள். பெரியதன் அடியில் போன வருஷத்துப் புளி ஒரு கைப்பிடி, கன்னங்கரேலென்று. தனியாக எடுத்து வைத்தேன். வற்றல் குழம்புக்குப் பழம்புளிதான் வேண்டும். புதுப்புளியில் அந்த நிறமும் வராது, அந்த ஆழமும் வராது. ஜாடிகளை வெந்நீரில் கழுவி முற்றத்து வெயிலில் கவிழ்த்தாயிற்று.

மாசி 26

மலையடிவாரத்து ஊரிலிருந்து சித்தப்பா முறைக்காரர் இரண்டு சாக்குப் புளி கொண்டுவந்து இறக்கினார். மரத்தை உலுக்கிப் பொறுக்கியது, ஓடு எடுக்காதது. கையில் எடுத்து உலுக்கினால் உள்ளே பழம் ஆடுகிற சத்தம் கேட்க வேண்டும். அப்போதுதான் ஓடு பழத்தை விட்டுப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு நாள் வெயிலில் போட்டால் ஓடு மொறுமொறுவென்று ஆகிவிடும். கட்டையால் லேசாகத் தட்டினாலே உதிரும். பிறகு நரம்பு மாதிரி ஓடும் நாரை உருவ வேண்டும். அதற்குப் பிறகுதான் கொட்டை எடுப்பது. அரிவாள்மனையில் உட்கார்ந்து ஒவ்வொரு சுளையையும் கீறி, கொட்டையைப் பிதுக்கித் தள்ள வேண்டும். விரல் நுனி ரெண்டாம் நாளே எரிய ஆரம்பிக்கும். தெருவில் மூன்று வீட்டுக்காரர்களும் சேர்ந்துதான் இதைச் செய்கிறோம். இன்று எங்கள் வீட்டுப் புளி, நாளை எதிர்வீட்டு அக்காவுடையது, அடுத்த நாள் கோடிவீட்டில். புளி முன்னால் இருந்தால் பேச்சு தானாக நடக்கும். யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், ஏலக்காய் விலை என்ன, யாருக்கு முழங்கால் வலி.

முழங்கால் வலி எங்கள் வீட்டிலும்தான். ஐப்பசியிலிருந்து அத்தை மாடிப்படி ஏறுவதில்லை. ஆனால் கொட்டை எடுப்பதில் இன்றும் அவர் கையை யாராலும் முந்த முடியவில்லை. நான் ஒரு குவியல் முடிப்பதற்குள் அவர் பக்கத்தில் இரண்டு.

நல்ல கொட்டையாகப் பார்த்து ஒரு கை எடுத்து வைத்தேன். ஒரு பக்கத்தைத் திண்ணைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கினால் தாயம் போடலாம். மிச்சம் வியாபாரிக்கு. கொட்டையை அரைத்த மாவு துணிக்குக் கஞ்சி போடப் போகிறது.

மாசி 28

புளியைக் கல் உப்பு தூவி அடுக்கடுக்காக ஜாடியில் அமுக்கியாயிற்று. வெளிர்பழுப்பு நிறத்தில் ஈரம் மினுங்குகிறது. வேலை முடிந்தது என்று தெரிய மூடியில் துணி கட்டினேன்.

மாசி 30

நேற்று ராத்திரிக் காற்றில் பெரியகுளத்துப் பக்கம் தோப்புகளில் வடு நிறைய உதிர்ந்திருக்கும். இன்று சந்தையில் கூடை கூடையாக வந்திருந்தது. விழுந்து அடிபட்டதை வாங்கக் கூடாது. காம்போடு பறித்ததைக் கேட்டு வாங்கினேன். காம்பைக் கிள்ளினால் பால் பீச்ச வேண்டும்.

கழுவி, துணியில் ஈரம் போக உலர்த்தி, கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவி, கல் உப்பும் மஞ்சளும் போட்டுக் குலுக்கி வைத்தேன். மூன்று நாளில் தானே தண்ணீர் விட்டுச் சுருங்க ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு மிளகாய்ப் பொடியும் கடுகுப் பொடியும். மகளுக்கு இந்த ஊறுகாய்த் தண்ணீரும் தயிர்ச்சோறும் போதும். கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணி முதலில் கேட்டதே, "மாவடு போட்டாச்சாம்மா?" என்றுதான். எட்டாம் மாதம் நடக்கிறது. நாக்கு கேட்கத்தானே செய்யும்.

பங்குனி 2

இலவம் பஞ்சு வந்தது. இந்த வருஷம் இதற்காகத்தான் மனசு காத்திருந்தது.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு இலவமரத்தை விளக்க வேண்டியதில்லை. இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, கிளைகளை நேர்நேராக நீட்டிக்கொண்டு, காய்களை மட்டும் தொங்கவிட்டு நிற்கும். பங்குனி வெயில் ஏற ஏற ஓடு காய்ந்து வெடிக்கும். உள்ளே பட்டு மாதிரிப் பஞ்சு; அதற்குள் மிளகு மிளகாகக் கறுப்பு விதை. இலவு காத்த கிளி என்ற பழமொழியை நான் பள்ளிக்கூடத்தில் படிப்பதற்கு முன்பே மரத்தடியில் கேட்டிருக்கிறேன். பழமாகும் என்று காத்திருந்த கிளி ஏமாந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பஞ்சில் தலை வைத்துத் தூங்கியவர்கள் யாரும் இலவமரத்தைக் குறை சொல்ல மாட்டார்கள்.

பருத்தி போல இதை நூற்க முடியாது. இழை குட்டை, வழுக்கும். ஒவ்வோர் இழையும் உள்ளே காற்று நிறைந்த குழல், மேலே மெழுகுப் பூச்சு. அதனால் தண்ணீர் ஒட்டாது, மிதக்கும். ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் சட்டைகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். தலையணையைத் துவைக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு முறை பிரித்து வெயில் காட்டினால் அமுங்கிய பஞ்சு மூச்சு விட்டதுபோல உப்பி எழும்.

கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்தோம். சின்னக் குச்சியால் அடிக்க அடிக்க விதை கீழே இறங்கும், பஞ்சு மேலே மிதக்கும். அரை மணி நேரத்தில் அறை முழுக்க வெள்ளை. அத்தையின் புருவத்தில் பஞ்சு, என் மூக்குத்தியில் பஞ்சு.

"இதுல பிள்ளைக்கு ஒரு குட்டி மெத்தை தச்சிரலாம் அத்தே" என்றேன்.

அவர் கை நின்றது. "பஞ்ச சுத்தம் பண்ணி வையி. தைக்கிறது பிள்ள பொறந்தப்புறம். மொதல்ல தொட்டிலுக்குச் சேலை போதும்."

நான் மறுத்துப் பேசவில்லை. அவர் முதல் பிரசவத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்.

பங்குனி 5

கூழ் வற்றல். மூன்று மணிக்கு எழுந்தேன்.

ஒரு படி அரிசியை நேற்றே ஊறப்போட்டு அரைத்து வைத்திருந்தேன். கால் படி சேலத்து ஜவ்வரிசி தனியாக ஊறியது. பெரிய அண்டாவில் தண்ணீர் கொதித்ததும் ஜவ்வரிசியைப் போட்டு, அது கண்ணாடியானதும் மாவைக் கரைத்து ஊற்றினேன். அங்கிருந்து கையை எடுக்கக் கூடாது. துடுப்பை விட்டால் அடிப்பிடிக்கும். அடிப்பிடித்தால் அண்டா முழுக்க அந்த வாடைதான்.

அத்தை அடுப்படிக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "வெந்துருச்சான்னு கண்ணால பாக்காத. தண்ணியத் தொட்டுக்கிட்டு கூழத் தொடு. ஒட்டக் கூடாது." தொட்டேன். ஒட்டியது. கிண்டினேன். மறுபடி தொட்டேன். ஐந்தாம் தடவை விரலில் பட்டும் படாமல் நழுவியது. அதை எத்தனை நிமிஷம் என்று யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது.

உப்புதான் பயம். கூழில் சரியாக இருந்தால் காய்ந்த பிறகு கரிக்கும். கூழில் கொஞ்சம் குறைவாகப் பட வேண்டும். இத்தனை வருஷமும் அத்தை வாயில் வைத்துச் சொன்னது. இன்று கரண்டியை நீட்டினேன், அவர் வாங்கவில்லை. "நீ பாரு" என்றார். பச்சை மிளகாய் விழுது, சீரகம், பெருங்காயம், இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு. உப்பை நானே முடிவு பண்ணினேன்.

மொட்டைமாடியில் மாமாவின் பழைய நாலுமுழ வேட்டிகளை நனைத்துப் பிழிந்து விரித்து, நாழியில் கூழை அடைத்துப் பிழிய ஆரம்பித்தபோது கிழக்கு வெளுத்தது. ஏழு மணிக்குள் முடிய வேண்டும். வெயில் ஏறினால் அண்டாவிலேயே கூழ் இறுகிவிடும். காக்காய்க்கு ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்தேன்.

சாயங்காலம் பாதி காய்ந்த வற்றலை ஒரு கிண்ணத்தில் எடுத்துக் கீழே கொண்டுபோனேன். மேலே மொரமொரப்பு, உள்ளே மெத்தென்று, வெயில் சூடு அப்படியே. பொரித்த வற்றலுக்கு இந்த ருசி கிடையாது. அத்தை ஒன்றை வாயில் போட்டு மெதுவாக மென்றார். உப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இன்னொன்று எடுத்தார்.

பங்குனி 9

புது மண்பானை. இரண்டு நாள் தண்ணீர் ஊற்றி வைத்து, அரிசி களைந்த தண்ணீரில் அலசி, மணல் பரப்பி உட்கார வைத்தேன். உள்ளே ஒரு பிடி வெட்டிவேர். சோப்பு போட்டுத் தேய்த்தால் துளைகள் அடைந்துவிடும். துளை வழியே கசிந்து ஆவியானால்தான் தண்ணீர் குளிரும். முதல் டம்ளரில் மண் வாசனை.

பங்குனி 12

மத்தியானம் மூன்று மணிக்கு வானம் இருண்டது. மாடிக்கு ஓடினேன். பாதி வேட்டியைச் சுருட்டுவதற்குள் பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்துவிட்டது. இரண்டாம் முறை பிழிந்த வற்றலில் ஒரு வேட்டி நிறையக் கரைந்து போனது. மிச்சத்தை உள்ளறையில் பாயில் பரப்பி மின்விசிறியைப் போட்டோம். நாலரைக்கு மழை நின்றது.

வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் கதவைத் திறந்ததும் வந்த மண் வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். மாங்காய்க்கு நல்ல மழை என்றார் இவர். எலும்பும் தோலுமாக நின்ற புங்கமரத்தில் ஒரு வாரமாக விட்டிருந்த தளிர் எண்ணெய் தடவினாற்போல மினுங்கியது.

பங்குனி 15

ராத்திரி மாடியில் படுத்தோம். மலையில் ஓரிடத்தில் நெருப்பு, செம்மஞ்சள் கோடாக மெல்ல நகர்ந்தது. ஒரு மழை பெய்தால் போதாது. புல் மூன்றே நாளில் காய்ந்துவிடுகிறது. 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணியில் மலையேற வந்த பிள்ளைகள் தீயில் மாட்டிக்கொண்ட அந்த நாளுக்குப் பிறகு, அந்தக் கோட்டை வேடிக்கையாகப் பார்க்க முடிவதில்லை. அது அணைந்த பிறகுதான் கண்ணை மூடினேன்.

பங்குனி 19

குழம்புப் பொடிக்கு மிளகாய், மல்லி காய்கிறது. ராமநாதபுரம் குண்டு மிளகாய்தான் எங்கள் வீட்டுக்கு. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தோல் தடிப்பு, காரத்தோடு ஒரு மணம். அதன் பக்கத்தில் உட்கார்ந்தாலே தும்மல் வருகிறது.

கறிவேப்பிலைக் கிளையில் தேன்சிட்டு கூடு கட்டுகிறது. நான்கு நாளாகக் கவனிக்கிறேன். கட்டுவது முழுக்கப் பெட்டைதான். சேவல் பக்கத்தில் உட்கார்ந்து கத்துகிறது. சிலந்தி வலை, காய்ந்த இலை, மரப்பட்டைத் துணுக்கு எல்லாம் சேர்த்து ஒரு பை மாதிரி தொங்கவிட்டு, பக்கவாட்டில் வாசல், அதற்கு மேலே சின்னத் தாழ்வாரம். காற்றடித்தால் கூடு குப்பைபோல ஆடும். அதுதான் அதற்குக் காவல்.

இன்று அது என்ன கொண்டுபோகிறது என்று தெரிந்தது. உள்ளறை ஜன்னல் கம்பியில் ஒட்டியிருந்த இலவம் பஞ்சு. ஒரு துணுக்கு, பிறகு இன்னொன்று. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அதுக்குப் பொறுக்காது, இப்பவே வேணும்" என்றார். சொல்லிவிட்டு, சாக்கிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கம்பியில் செருகினார்.

பங்குனி 24

வேம்பு பூத்துவிட்டது. ராத்திரியில் வாசனை தெருவுக்கே வருகிறது. விடிவதற்கு முன் மரத்தடியில் பழைய சேலையை விரித்துவிட்டால் ஏழு மணிக்கு ஒரு முறம் பூ. நிழலில் உலர்த்த வேண்டும், வெயிலில் போட்டால் மணம் போய்விடும். சித்திரை ஒன்றாம் தேதிப் பச்சடிக்குப் புதுப்பூ. மிச்சம் வருஷம் முழுக்க ரசத்துக்கு.

பங்குனி 30

பொடி அரைத்து டப்பாவில். வற்றல் இரண்டு தகரத்தில். மாவடு நன்றாகச் சுருங்கி, தண்ணீர் கடுகு மணக்கிறது. அடுத்த வாரம் வளைகாப்பு போட்டு மகளைக் கூட்டிவர வேண்டும்.

சுத்தம் பண்ணின பஞ்சு வெள்ளைத் துணி மூட்டையில் உள்ளறை மூலையில் இருக்கிறது. மத்தியானம் அத்தை தன் பெட்டியைத் திறந்து ஒரு சுங்குடிச் சேலையை எடுத்தார். துவைத்துத் துவைத்து நூல் மெலிந்து பூவாகிவிட்ட சேலை. ஊதா நிறம் பாதி போய்விட்டது. நாலாக மடித்து மூட்டையின் மேல் வைத்தார்.

"தச்சிரலாமா?" என்றேன்.

"அதான் சொன்னேன்ல. ஊசி மட்டும் எடுத்துராத."