லண்டனில் ஒரு புதுத் தொகுதி, நம்மட அஞ்சு கதிரை

2024 யூலையில் உமா குமரன் பிரித்தானிய நாடாளுமன்றத்துக்குத் தெரிவானதும், நாங்களும் "நம்மட பிள்ளை" எண்டு ஸ்டேட்டஸ் போட்டோம். சந்தோசம்தான். ஆனா அவ எப்படி வென்றா எண்டு ஆரும் பேசல்ல.

2015இல் ஹரோ கிழக்கில் நின்று தோற்றவ அவ. இந்த முறை நின்ற ஸ்ரட்ஃபோர்ட் அன்ட் போ, கிழக்கு லண்டனில் எல்லைகளை மாற்றி வரைந்தபோது உருவான புதுத் தொகுதி. அதுக்கு அதுதான் முதல் தேர்தல். தொழிற்கட்சிக்குப் பலமான இடம். வெல்லக்கூடிய அந்த இடத்தைக் கட்சி அவவுக்குக் கொடுத்தது.

அதே வருசம் நவம்பர் 14இல் மட்டக்களப்பு மாவட்டம் 5 பேரைத் தெரிந்தது. அஞ்சு பேரும் ஆண்கள். 2004இல் க. தங்கேஸ்வரி வென்றார். மறுகா நடந்த நாலு பொதுத் தேர்தலிலும் இங்க ஒரு பெண்ணும் தெரிவாகவில்லை.

பட்டியலில் பெண்களின் பெயர் இல்லாமலில்லை. ஆனால் இங்கே கட்சிக்கு விழும் வாக்கு மட்டும் போதாது. விருப்பு வாக்குக்காகச் சொந்தக் கட்சிக்காரரோடேயே போட்டி போட வேணும். வாகரையிலிருந்து துறைநீலாவணை வரைக்கும், எழுவான்கரை, படுவான்கரை எண்டு வாவியின் இரண்டு பக்கமும் அலைய வேணும். வாகனம், காசு, இரவில் நோட்டீஸ் ஒட்ட ஆள், இதெல்லாம் ஆரிட்ட இருக்கு?

பெயரைப் போட்டுவிட்டு விலகி நிற்பது இடம் கொடுப்பதாகாது. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவர்களிடம் நாங்கள் கேட்க வேண்டியது இதுதான்: உங்கட பட்டியலில் இருக்கிற பெண்ணுக்காக நீங்கள் எத்தனை ஊருக்குப் போனீங்கள்?