கசிவைக் கண்டறியுங்கள்



சில மாதங்களுக்கு முன்பு, ஆராதனை முடிந்தபின் நம் சபைச் சகோதரி ஒருவர் என்னிடம் வந்தார். படுக்கையில் இருக்கும் மாமியாரை மூன்று ஆண்டுகளாக இரவும் பகலும் பராமரித்து வருபவர். "ஐயா, ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு வார்த்தையும் வரவில்லை" என்றார். "இன்னும் ஒரு மணி நேரம் அதிகமாக ஜெபியுங்கள், உபவாசம் இருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் வரவில்லை.

அந்நாட்களில் வண்டியூர் தெப்பக்குளத்தின் படியில் ஒரு மாலை அமர்ந்திருந்தேன். உடனிருந்த சபைச் சகோதரர், உல்லாசப் படகுகளின் மின்வேலை செய்பவர். வெளியூரில் தாம் பழுதுபார்த்த ஒரு படகைப் பற்றிச் சொன்னார். சில வாரங்கள் கட்டிவைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் அதன் இயந்திரம் உயிர்பெறாது. உரிமையாளர் புதிய பேட்டரி வாங்கினார். ஒரு மாதத்தில் அதுவும் இறந்தது. "பேட்டரியை மாற்றினாரே ஒழிய, கசிவைத் தேடவில்லை, ஐயா" என்றார் சகோதரர்.

அவர் தேடிய முறை எளியது. முதலில் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்தார். பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் இடையே மல்டிமீட்டரை இணைத்தார். அனைத்தும் அணைந்திருந்தும் 0.1 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பாட்டுப் பெட்டியின் ஃபியூஸைப் பிடுங்கியதும் முள் இறங்கியது. யாரோ அதன் கம்பியை மெயின் சுவிட்சைக் கடந்து நேரே பேட்டரியில் கட்டியிருந்தார்கள்.

0.1 ஆம்பியர் அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒரு நாளைக்கு அது 2.4 ஆம்பியர் மணி. 30 நாளில் 72. 100 ஆம்பியர் மணி பேட்டரியில் மிஞ்சுவது எவ்வளவு? நிறைந்த நிலையில் 12.6 வோல்ட் காட்டுவது 12க்கும் கீழே இறங்கிவிடும். அப்படியே கிடந்தால் உள்ளிருக்கும் ஈயத் தகடுகளில் உப்புப் படிந்து இறுகும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் திரும்பாது.

அந்தக் கம்பியை மெயின் சுவிட்சுக்குப் பின்னால் மாற்றிக் கட்டியபின், படகின் அடியில் சேரும் நீரை இறைக்கும் பம்பு மட்டும் நேரிணைப்பில் மிஞ்சியது. "அதையும் அணைத்துவிடலாமே?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அதை அணைத்தால் மழை பெய்யும் இரவில் படகே மூழ்கிவிடும், ஐயா. அது ஓடத்தான் வேண்டும். அதற்காகத்தான் சிறிய சூரியத்தகடு ஒன்றை மாட்டிவிட்டேன். 20 வாட் தகடு நல்ல வெயிலில் ஏறக்குறைய 1 ஆம்பியர் தரும். செலவை நிறுத்த முடியாத இடத்தில் வரவைத் திறந்து வைக்க வேண்டும்."

எதிரே இருந்த குளத்தைப் பார்த்தேன். வைகையிலிருந்து நீர் வரும் வழி அடைபட்டிருந்த ஆண்டுகளில் அது வறண்டு, பிள்ளைகள் அதற்குள் கிரிக்கெட் ஆடினார்கள். வெயில் நீரைக் குடிப்பதை எவரும் தடுக்க முடியாது. வரத்து சீரானபோதுதான் நீர் நின்றது.

அன்றிரவு என் தவறு எனக்கு உணர்த்தப்பட்டது. அந்தச் சகோதரியின் களைப்பு விசுவாசக் குறைவால் வந்ததன்று. அன்பு செய்யும் பணி அவரிடமிருந்து எடுத்துக்கொண்டே இருந்தது. அவருக்குள் எதுவும் வந்து சேரவில்லை. நானோ வெறுமையானவரிடம் இன்னும் ஒரு மணி நேரம் கேட்டிருந்தேன்!

சூரைச்செடியின் கீழ்ச் சாக விரும்பிய எலியாவை நினைத்துப் பாருங்கள் (1 இராஜாக்கள் 19). தேவன் அவனை உபவாசிக்கச் சொல்லவில்லை. உறங்க விட்டார், தூதனை அனுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் உறங்க விட்டார். கேள்வி கேட்டதெல்லாம் அதற்குப் பின்புதான்.

மறுநாள் என் மனைவியோடு அந்த வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். இப்போது பெண்கள் ஐக்கியத்திலிருந்து இருவர் செவ்வாயும் வெள்ளியும் பிற்பகலில் இரண்டு மணி நேரம் அங்கே அமர்ந்திருக்கிறார்கள். முதல் வாரம் முழுவதும் அந்நேரத்தில் சகோதரி உறங்கினார். மூன்றாம் வாரம், ஜெபிக்க வார்த்தை வந்தது என்று அவரே சொன்னார். அவருடைய சம்மதத்தோடே இதை எழுதுகிறேன்.

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பழைய பகை, இரவெல்லாம் பார்க்கும் கைபேசி, பிறரோடு ஒப்பிடும் பொறாமை, இவற்றில் ஏதேனும் அணைந்த பின்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? அதன் இணைப்பை மாற்றுங்கள். நிறுத்தக்கூடாத அன்பின் பணி ஏதேனும் உண்டா? அதைக் குறித்துக் குற்றவுணர்வு கொள்ளாதீர்கள், உதவி கேளுங்கள்.

பலமுள்ளவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த வீட்டுக்கு வியாழக்கிழமைப் பிற்பகலில் இன்னும் ஆளில்லை.

சோர்ந்தவர்களைத் தாங்குகிற கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.