அஞ்சடியில் ஒரு தோட்டத்துக்காரன்

தோட்டத்தில் நாங்கள் நடந்த நடைக்குக் கணக்கே கிடையாது. இருட்டில் பெரட்டுக் களத்துக்கு நடை. நெற்றி விளக்கோடு நிரைக்கு நடை. ஐந்நூறு மரம்போல வெட்டி முடித்துவிட்டு, பாலெடுக்க அதே மரங்களுக்கு மறுபடி நடை. பிறகு காண்டா வாளியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்கு. நெகிரி செம்பிலான் மேடுகளில் இது இறக்கமும் ஏற்றமுமான நடை. ஆனால் சும்மா நடப்பது என்பது எங்களுக்குப் பழக்கமில்லை. வேலை நேரத்தில் காரணமில்லாமல் போகிறவனை மண்டோர் நிறுத்தி, “எங்கே?” என்று கேட்பார். பதில் சொல்லியாக வேண்டும்.

யாரும் கேட்காத நடையை நான் பினாங்கில்தான் கற்றுக்கொண்டேன். சிரம்பானில் ரயிலேறினால் பட்டர்வொர்த். அங்கிருந்து பெர்ரியில் கால் மணி நேரத்துக்குள் தீவு. பாலத்தில் காரோட்டிப் போகிறவர்களுக்கு ஜோர்ஜ்டவுன் ஒரு போக்குவரத்து நெரிசல், அவ்வளவுதான். கடல்வழி போனால்தான் அது துறைமுகப் பட்டணம் என்று தெரியும். நாகப்பட்டினத்தில் ஏறிய எங்கள் பாட்டிமார் மலாயாவில் முதலில் கண்ட கரையும் இதுதான். ‘ரஜூலா’ முதலிய கப்பல்கள் பினாங்கைத் தொட்டுவிட்டுத்தான் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் போயின. தீவுக்குப் பக்கத்திலிருக்கும் ஜெரெஜாக்கில் தொற்றுநோய்த் தடுப்பு முகாம் இருந்தது. கூலியாக வந்தவர்களில் பலர் முதலில் கால் வைத்தது அந்த மண்ணில்தான். ஊரைச் சுற்றிப் பார்க்க அவர்களை யாரும் விடவில்லை. அந்தக் கடனும் என் காலில் கொஞ்சம் இருக்கிறது.

இங்கே நடக்க அஞ்சடிதான் வசதி. கடைவீடுகளின் முன்னால், மேல்மாடிக்குக் கீழே ஓடும் நிழல் பாதை. 1822இல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் கட்டாயமாக்கப்பட்டு, பிறகு மலாயாவின் பட்டணங்களுக்கெல்லாம் பரவியது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கிக்கொண்டே ஒரு தெருவைக் கடந்துவிடலாம் என்பது ஏட்டுக் கணக்கு. நடுவில் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருப்பார், இன்னொருவர் பூக்கூடையை வைத்திருப்பார். இறங்கி ஏறித்தான் போக வேண்டும்.

பிட் தெரு என்று இருந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு மணி நேரம் போதும், அரை நாளும் போதாது. தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் மொய்தீன் 1801இல் தொடங்கிய பள்ளிவாசல் ஒரு பக்கம். கைதிகளின் உழைப்பில் எழுந்து 1818இல் முடிந்த செயின்ட் ஜோர்ஜ் தேவாலயம் இன்னொரு முனையில். இடையில் ஊதுபத்திப் புகையோடு சீனர்களின் குவான் யின் கோயில். பின் தெருவான குவீன் ஸ்திரீட்டில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன். சூலியா தெரு முனையில் நாகூர் ஆண்டவருக்கு ஒரு தர்கா. கடல் தாண்டியவர்கள் கரையேறியதும் முதலில் நன்றி சொல்லத்தான் நினைத்திருக்கிறார்கள்.

ஆர்மேனியன் தெருவில் எர்னஸ்ட் சகாரெவிச் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகளோடு படம் பிடிக்க வரிசை நிற்கிறது. நிற்கட்டும். எனக்கு அந்தச் சுவரைவிட, அது எப்படி இத்தனை நாள் இடியாமல் நின்றது என்பதுதான் ஆச்சரியம். கலை ஆர்வத்தால் அல்ல, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால். போருக்கு முந்திய வீடுகளின் வாடகையை அது ஏற விடவில்லை. இடித்துக் கட்ட உரிமையாளருக்கும் ஆசை எழவில்லை. 2000இல் கட்டுப்பாடு போனதும் வாடகை ஏறியது, பழைய குடும்பங்கள் வெளியேறின. 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. இப்போது தட்டானும் தையற்காரரும் இருந்த வீடுகளில் தங்கும் விடுதிகள். சுவர் பிழைத்தது, ஆள் போய்விட்டார்.

எங்கள் பக்கம் சுவரும் பிழைக்கவில்லை. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும், காக்க ஒரு சட்டமும் இருந்ததில்லை. நீலாய், லாபு, சிரம்பான் பக்கம் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. சில இடங்களில் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் தோட்டம் மிச்சமிருக்கிறது.

பகலில் ஒரு நாசி கண்டார் கடையில் உட்கார்ந்தேன். அந்தக் காலத்தில் சோற்றையும் குழம்பையும் காண்டாவில் தூக்கித் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற வியாபாரம் இது. அப்பா பால் தூக்கிய அதே தோள் வேலை.

“அண்ணே, எந்த ஊரு?”

“நெகிரி. தோட்டம்.”

“எந்தத் தோட்டம்?”

“இப்ப அது தாமான் தம்பி.”

அவர் சோற்றின் மேல் நாலு குழம்பையும் கலந்து பஞ்சிராக ஊற்றினார். “இந்த வெயில்ல படம் பாக்கப் போகாதீங்கண்ணே. சாயங்காலம் சூலியா ரோட்டுல மீ கடைங்க போடுவாங்க. கொஞ்சம் முன்னாலயே போயிருங்க, அப்புறம் நாற்காலி கிடைக்காது.”

ஏழு மணிக்குப் போனேன். கிடைக்கவில்லை. தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அஞ்சடியிலேயே நின்று சாப்பிட்டேன்.