ஐகானை மாத்தினா என்ன கிடைக்கும்?

டெஸ்க்டாப் ஐகானை மாத்துறது வேலையத்தவன் வேலைன்னு நம்ம கிளாஸ்ல பல பேர் சொல்றாங்க. (வால்பேப்பருக்கே மூணு மணி நேரம் செலவழிக்கிறவங்களும் இதுல அடக்கம் :-)) எனக்கு அப்படித் தோணல.

1984-ல வந்த மேக்கின்டோஷுக்கு ஐகான் வரைஞ்சவர் சூசன் கேர். கிராஃப் தாள்லதான் ஆரம்பிச்சார். 32-க்கு 32, மொத்தம் 1024 கட்டம். ஒவ்வொண்ணும் கறுப்பு, இல்லேன்னா வெள்ளை. அதுக்குள்ள அவர் போட்ட வெடிகுண்டைப் பார்த்தாலே ஏதோ தப்பாயிடுச்சுன்னு புரியும். படிக்காமலே புரியணும். ஐகானோட வேலையே அதான்.

எங்க அம்மா வீட்லயே துணி தைக்கிறாங்க. அளவு, டிசைன், கணக்குன்னு கம்ப்யூட்டர்ல மூணு ஃபோல்டர். மூணும் ஒரே மஞ்சள். கீழே இருக்கிற பொடி எழுத்து கண்ணாடி இல்லாம தெரியாது. "டேய், அளவு எதுலடா இருக்கு?"ன்னு என்னைத்தான் கூப்பிடுவாங்க. நான் காலேஜ்ல இருந்தா, வந்தவங்க "அப்புறம் வரேன்க்கா"ன்னு கிளம்பிடுவாங்க.

அதனால ஐகானை மாத்தினேன். இலவசமா கிடைக்கிற கிம்ப் மென்பொருளே போதும். 16, 32, 48, 256 பிக்சல்னு ஒவ்வொரு அளவையும் ஒரு லேயரா வரைஞ்சு ஐசிஓ ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணணும். 16-ல சன்னமான வேலைப்பாடு அழுக்கு மாதிரி தெரியும். தடிச்ச கோடு, ரெண்டு நிறம் போதும்.

அப்புறம் விண்டோஸ்ல ஃபோல்டர் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், கஸ்டமைஸ், சேஞ்ச் ஐகான். பிரவுஸ் பண்ணி நம்ம ஃபைலைக் காட்டணும். அதை வேற இடத்துக்கு நகர்த்தினா பழைய மஞ்சள் ஃபோல்டர் திரும்பி வந்துடும். நெட்ல ஐகான் எடுக்கிறவங்க ஐசிஓ ஃபைலை மட்டும் எடுங்க. கூடவே இன்ஸ்டால் பண்ணச் சொன்னா ஓடி வந்துடுங்க.

அளவுக்கு இன்ச் டேப், டிசைனுக்கு ஜாக்கெட். கணக்குக்கு ரூபாய் குறி போடவான்னு கேட்டேன். "வேணாம், சிவப்பு நோட்டு போடு"ன்னாங்க. கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி பத்து வருஷம் அவங்க கணக்கு எழுதினது சிவப்பு அட்டை நோட்டுலதான். அது எந்த ஐகான் தொகுப்புலயும் கிடைக்காது. இப்ப அம்மாவே திறந்து, அவங்களே மூடறாங்க.

உங்க வீட்டு கம்ப்யூட்டரை உங்களைத் தவிர யார் தொடறாங்க? அவங்களைக் கேட்டு ஒரே ஒரு ஐகான் மாத்திக் கொடுத்துப் பாருங்க. என்ன படம் கேட்டாங்கன்னு எனக்கும் சொல்லுங்க.