தேய்ந்த கியர்ப்பெட்டி

உழைக்கும் பொருள் யாவும் தேய்தல் இயல்பே. ஆயினும், தேய்ந்தவற்றுள் எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்று துணிதல் எளிதன்று. எந்தையார் விட்டுச்சென்ற 1968ஆம் ஆண்டு அம்பாஸடர் மோட்டார் வண்டி எனக்கு இதனை நன்கு விளக்கிற்று.

அம்பாஸடர், ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவியது. வங்காளத்து உத்தரபாராவில் 2014ஆம் ஆண்டுவரை செய்யப்பட்டு வந்தது. எம் வண்டியில் கியர்க்கோல் தரையில் இராது. ஸ்டியரிங் தண்டின் பக்கத்தே இருக்கும். முன்செல்லும் கியர்கள் நான்கு.

எம் இல்லம் கொடைக்கானலில் உள்ளது. கண் வைத்தியத்தின் பொருட்டு அன்னையாரை மாதந்தோறும் மதுரைக்கு அழைத்துச் செல்வது என் கடமை. மலைச்சரிவில் இறங்குங்கால், இரண்டாங் கியரில் எஞ்சினே வண்டியின் வேகத்தைத் தடுத்தல் வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறி வலியிழந்துவிடும். சென்ற ஆண்டு அவ்விரண்டாங் கியர் தானே கழன்று நியூட்ரலுக்கு வரலாயிற்று. ஒரு கையாற் கோலை அழுத்திப் பிடித்து, மறு கையால் வண்டியைத் திருப்பி இறங்கினேன். முதல் மூன்று கியர்களிலும் ஓர் உறுமல் எழும்; நான்காவதில் அஃது அடங்கும்.

மேஸ்திரி அவ்வொலி கேட்டே நோயைக் கூறினார். நான்காங் கியரில் எஞ்சினின் விசை நேரே பின்செல்லும். ஏனையவற்றில் லே ஷாப்ட் என்னும் அடித்தண்டின் வழியே செல்லும். ஆதலின் அடித்தண்டின் பேரிங்குகள் தேய்ந்தன என்பது தெளிவு. பெட்டியைத் திறந்தபோது, கியரைப் பூட்டும் பற்களும் மழுங்கியிருக்கக் கண்டோம்.

“ஸார், பிற்காலத்து அம்பாஸடரில் வந்த ஐந்து கியர்ப் பெட்டியை வைத்துவிடலாமே?” என்றார் அவர். அதற்குத் தரையை அறுத்துக் கோலை நடுவே நிறுத்தல் வேண்டும்; நீண்ட முன்னாசனத்தையும் இரண்டாகப் பிளத்தல் வேண்டும். அன்னையார் இதனைக் கேட்டு, “தம்பி, நாம் மூவரும் ஒன்றாய் அமர்ந்து சென்ற ஆசனமல்லவா அது?” என்றார். எனவே, அதே வகையான நான்கு கியர்ப் பெட்டியொன்றை வாங்கிச் செப்பனிட்டுப் பொருத்தத் துணிந்தோம். வண்டியை விற்றால் வருவதினும் செலவு மிகுதி என்று சுற்றத்தார் நகைத்தனர்.

எண்ணெயை வடித்து, புரொப்பெல்லர் ஷாப்டைக் கழற்றி, எஞ்சினுக்கு ஜாக்கி கொடுத்துப் பழைய பெட்டியை இறக்கினர். கிளட்ச் தட்டையும் புதிதாக மாற்றி, பழைய தண்டொன்றைச் செருகி அதனை நடுநேராக்கினார் மேஸ்திரி. புதுப் பெட்டியை ஏற்றுகையில் அதன் பாரம் தட்டின்மேல் தொங்கலாகாது; தொங்கினால் தட்டு வளைந்துவிடும். போல்ட்டுகள் இறுகுமட்டும் அப்பாரத்தை மேஸ்திரியின் மகனோடு நானும் தாங்கினேன்.

முதற் கியருக்குச் சின்க்ரோ அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வண்டி நின்ற பின்னரே அதனைப் போடுதல் வேண்டும். அப்பொறுமையை எந்தையார் எனக்கு முன்னரே பழக்கியிருந்தார்.

அடுத்த மாதம் மலையிறங்கினோம். முதல் வளைவில் வழக்கம்போற் கோலை அழுத்திப் பிடித்தேன். மூன்றாம் வளைவிற் கையை எடுத்தேன். கியர் கழலவில்லை. அன்னையார் வத்தலக்குண்டு வருமட்டும் என் அருகே அமைதியாக உறங்கினார்.