ரெண்டு நிமிஷத்துல ஒரு போட்டோ

ஒரு போட்டோ வந்து சேர ரெண்டு நிமிஷம் ஆறு செகண்ட். இந்தக் காலத்துல இப்படி ஒரு சமாச்சாரமான்னு சிரிப்பீங்க. எட்டாவது படிக்கிற எங்க அக்கா பையனும் சிரிச்சான். ஆனா எங்கள மாதிரி ஹாம் ரேடியோ கிறுக்கனுங்க இதுக்காக மொட்டை மாடியில தவம் கிடப்போம் :-)

சர்வதேச விண்வெளி நிலையத்துலேர்ந்து அப்பப்போ 145.800 மெகாஹெர்ட்ஸ்ல படம் அனுப்புவாங்க. பேரு எஸ்எஸ்டிவி, அதாவது ஸ்லோ ஸ்கேன் டிவி. 1950கள் கடைசியில காப்தார்ன் மெக்டொனால்டுங்கிற அமெரிக்க ஹாம் உருவாக்கினது. சங்கதி சிம்பிள்தான். படத்தைக் கோடு கோடா பிரிச்சு, வெளிச்சத்தை சத்தமா மாத்தணும். 1500 ஹெர்ட்ஸ்னா கறுப்பு, 2300னா வெள்ளை. மனுஷக் குரல் போற அளவு இடத்துக்குள்ள மொத்தமும் அடங்கிடும். அதான் இவ்ளோ மெதுவு.

திருவேற்காட்டு வானத்தை நிலையம் தாண்டறதுக்கு பத்து நிமிஷம்கூட ஆகாது. அதுக்குள்ள ரெண்டு மூணு படம் கிடைச்சா அதிர்ஷ்டம். ரிசீவர் ஸ்பீக்கர் பக்கத்துல போனை வெச்சா ஆப் படத்தை வரைஞ்சிடும். ஆடி மாசத்துல மட்டும் இந்த வேலை ஆகாது. கருமாரியம்மனுக்குக் கட்டின குழாய்ல எல்.ஆர்.ஈஸ்வரி பாடினா, அவங்க குரலும் கலர் கலரா கோடு போடும்!

"மாமா, உங்ககிட்டதான் லைசென்ஸ் இருக்கே? நம்ம கோயில் கோபுரத்தை இதுலயே திருப்பி அனுப்புங்களேன்"ன்னான் பையன்.

நல்ல கேள்வி. நம்ம நாட்டுல 144லேர்ந்து 146 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஹாம்களுக்குத்தான். 145.800ம் அதுக்குள்ளதான் வருது. ஆனா அது மேலேர்ந்து கீழ வர்ற வழி. நான் அஞ்சு வாட்ஸ் கையடக்க செட்டை அதுல அமுக்கினா, ஆவடியிலயும் அம்பத்தூர்லயும் காத்துக்கிட்டு இருக்கறவங்க படம் காலி. சட்டம் பேண்டைக் கொடுக்கும். அதுக்குள்ள எங்க எதைப் பண்ணணும்ங்கிறதை ஹாம்களே பேசி வெச்சிருக்காங்க. 20 மீட்டர் பேண்ட்ல படத்துக்கு 14.230 மெகாஹெர்ட்ஸ்.

அங்கயும் முதல்ல கேட்டுட்டுத்தான் அனுப்பணும். பேசறவன் மூச்சு வாங்க நிறுத்துவான், நடுவுல யாராவது உதவின்னு கூப்பிட்டா காதுல விழும். படம் அனுப்பறவனுக்கு அனுப்பி முடியற வரைக்கும் எதுவும் கேக்காது.

"வாட்ஸ்அப் இருக்கும்போது எதுக்கு மாமா இதெல்லாம்?"

2004 சுனாமியப்ப அந்தமான்லேர்ந்து பாரதி பிரசாத் குழு ஹாம் ரேடியோவுலதான் உயிரோட இருக்கறவங்க பத்தி சேதி சொன்னாங்க. 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில பல ஏரியாவுல கரண்டும் இல்ல, செல்போனும் இல்ல. அந்த மாதிரி நாள்ல ஒடைஞ்ச கரையோட படம் ரெண்டு நிமிஷத்துல போனாலே பெரிய விஷயம். இப்போ டிஜிட்டல் எஸ்எஸ்டிவியும் இருக்கு. வந்தா பளிச்சுன்னு வரும், சிக்னல் விட்டு விட்டு வந்தா விட்டுப்போன துண்டை மறுபடி கேட்டு வாங்கணும். பழைய முறையில புள்ளி புள்ளியா இரைச்சல் விழுந்தாலும் படத்துல இருக்கறது என்னன்னு தெரிஞ்சிடும். என் ஓட்டு அதுக்குத்தான்.

ஆனா அன்னிக்கு அந்த வழி காலியா இருக்கணும்னா, சும்மா இருக்கற நாள்லயே அடுத்தவனுக்கு வழி விடப் பழகியிருக்கணும். இதுக்கு போலீஸ்காரர் யாரும் பக்கத்துல நிக்கமாட்டார்.

பையன் இப்போ லைசென்ஸ் பரீட்சை புஸ்தகம் கேக்கறான். உங்க மாடியிலேர்ந்து படம் பிடிச்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. பாதிப் படம்னாலும் பரவாயில்ல!